எட்டு அங்குல மழையில் ஆலிவ் தோப்பு
துனீசியாவில் வடக்கிலிருந்து தெற்காக ஒரு பயணம்

ஆண்டுக்கு எட்டு அங்குலம் மழை. கிணற்றுப் பாசனம் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. அப்படிப்பட்ட மணல் பூமியில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆலிவ் மரங்கள் கயிறு பிடித்தாற்போல வரிசையாக நிற்கின்றன. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடையே 80 அடி. ஏக்கருக்கு ஏழே மரங்கள். நம் பக்கம் தென்னை வைப்பவர் 25 அடி விட்டு ஏக்கருக்கு எழுபது கன்று நடுவார். ஏழு மரத்துக்காக ஓர் ஏக்கரை விடுவதா என்றுதான் நமக்கு முதலில் தோன்றும். ஆனால் மண்ணுக்குள் அங்கே காலி இடம் இல்லை. ஒவ்வொரு மரமும் தன்னைச் சுற்றியுள்ள வெற்று நிலம் முழுவதிலும் வேரை ஓடவிட்டு, பெய்த சொற்ப மழையைத் தேடிக் குடிக்கிறது.

இது வட ஆப்பிரிக்காவில், மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள துனீசியா நாட்டில், ஸ்பாக்ஸ் நகரைச் சுற்றியுள்ள சமவெளி. துனீசியா தமிழ்நாட்டைவிடச் சற்றுப் பெரிய நாடு. மக்கள் தொகை சுமார் 1 கோடியே 20 லட்சம். மேற்கே அல்ஜீரியா, தென்கிழக்கே லிபியா, வடக்கும் கிழக்கும் கடல். 1881 முதல் பிரெஞ்சுக்காரரின் பிடியில் இருந்து, 1956 மார்ச் 20ல் விடுதலை பெற்றது. வடமேற்கு மலைகளில் நல்ல மழை உண்டு. தெற்கே போகப் போக மழை குறைந்து, கடைசியில் சகாரா பாலைவனம் வந்துவிடுகிறது. மழைக்காலம் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை. குளிர் நாளில் பெய்வதால் ஆவியாகிப் போவது குறைவு. ஆகவே அந்த எட்டு அங்குலத்தை நம்மூர்க் கோடை மழையோடு அப்படியே ஒப்பிடுவது சரியாகாது.

இருந்தாலும் எட்டு அங்குலம் எட்டு அங்குலம்தான். அதை வைத்துக்கொண்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கே மரம் வளர்த்து வருகிறார்கள். எப்படி என்று பார்க்க வேண்டுமானால் தலைநகர் துனிஸில் தொடங்கித் தெற்கே போவது நல்லது.

மாகோ என்ற விவசாயி

துனிஸ் நகரின் ஓரத்திலேயே கார்த்தேஜின் இடிபாடுகள் இருக்கின்றன. ரோமாபுரியோடு மூன்று பெரும் போர்கள் நடத்திய கடல் வணிக நகரம் அது. கி.மு. 146ல் ரோமானியர் அதை எரித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்த நகரத்து நூல்களை அக்கம்பக்கத்துச் சிற்றரசர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றை மட்டும் விடவில்லை. மாகோ என்பவர் எழுதிய 28 பகுதிகள் கொண்ட விவசாய நூல் அது. அதை லத்தீன் மொழியில் பெயர்க்க ரோமானிய செனட் சபையே ஆணையிட்டது. பகைவர் ஊரில் கண்டெடுத்த செல்வத்தில் உழவு நூல் ஒன்றை இப்படி மதித்தது வேறெங்கும் நடந்ததாக நான் படித்ததில்லை.

மூல நூல் இன்று இல்லை. பின்னால் வந்த ரோமானியர் எடுத்துக்காட்டிய துணுக்குகள்தாம் கிடைக்கின்றன. திராட்சை நடுவது, மாடு தேர்ந்தெடுப்பது, தேனீ வளர்ப்பது என்று பலவும் அதில் இருந்தன. நிலம் வாங்குகிறவன் பட்டணத்து வீட்டை விற்றுவிட வேண்டும் என்பது மாகோ சொன்ன யோசனைகளில் ஒன்று. பட்டணத்தில் இருந்துகொண்டு நிலத்தைப் பார்க்க முடியாது என்பது அவர் எண்ணம்.

துனிஸிலிருந்து மேற்கே மெஜெர்தா ஆற்றுப் படுகை. நாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் பெரிய ஆறு இது ஒன்றுதான். பேஜா வட்டாரத்தின் கரிய மண்ணில் டியூரம் எனப்படும் கடின மணிக் கோதுமை விளைகிறது. ரோமாபுரிக்கு ஒரு காலத்தில் கப்பல் கப்பலாகத் தானியம் போனது இந்தப் படுகையிலிருந்துதான்.

கல்லில் வெட்டிய வாரக் கணக்கு

இந்த ஆற்றோரத்தில் டெஸ்தூர் என்று ஓர் ஊர். ஸ்பெயின் நாட்டிலிருந்து 1609ல் விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் வந்து குடியேறிய இடம். மாதுளைக்குப் பெயர் பெற்றது. இதற்கு அருகே ஹென்சிர் மெத்திச் என்னும் இடத்தில் 1896ல் எழுத்து வெட்டிய கல் ஒன்று கிடைத்தது. இப்போது துனிஸில் பார்தோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.பி. 116–117ல் வெட்டிய அந்தக் கல்லில் இருப்பது போர் வெற்றியோ அரசன் புகழோ அல்ல. பெரும் பண்ணை ஒன்றில் பயிர் செய்யும் குடியானவர்கள் எவ்வளவு வாரம் அளக்க வேண்டும் என்ற கணக்கு.

களத்தில் அடித்த கோதுமையில் மூன்றில் ஒரு பங்கு, வாற்கோதுமையிலும் மூன்றில் ஒரு பங்கு, மொச்சை வகையில் நாலில் ஒரு பங்கு, பிழிந்த ஆலிவ் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு, தேன்கூடு ஒன்றுக்கு இத்தனை அளவு தேன் என்று வரிசையாகச் சொல்கிறது. உழவுக்கு இரண்டு நாள், களையெடுப்புக்கு இரண்டு நாள், அறுப்புக்கு இரண்டு நாள் பண்ணைக்கு வேலை செய்து கொடுக்க வேண்டும். அதுவரை நமக்குத் தெரியாத சங்கதி ஒன்றுமில்லை. மேல்வாரம், குடிவாரம், வெட்டி வேலை எல்லாம் நம் பாட்டன்மாரும் பார்த்தவைதான்.

அடுத்து வருவதுதான் முக்கியம். தரிசில் புதிதாக ஆலிவ் நட்டவன் முதல் பத்து அறுவடைக்கு ஒரு படி எண்ணெய்கூட வாரம் கொடுக்க வேண்டியதில்லை. அத்தி நட்டால் ஐந்து அறுவடை அவனுக்கே. காட்டு ஆலிவில் ஒட்டுக் கட்டினாலும் ஐந்து அறுவடை. அதற்குப் பிறகுதான் மூன்றில் ஒரு பங்கு. பயிரிடும் உரிமை அவன் பிள்ளைகளுக்கும் போகும். ஆனால் இரண்டு ஆண்டு தரிசாகப் போட்டால் உரிமை போய்விடும்.

நெல் போட்டவன் நாலு மாதத்தில் பலன் காண்பான். ஆலிவ் நட்டவன் ஏழெட்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு நிலத்தில் இருப்போமா என்று தெரியாதவன் எதற்குக் கன்று வைப்பான்? பண்ணைக்காரருக்குக் கருணை இருந்ததோ இல்லையோ, இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இந்த முறை மான்சியானா என்று அழைக்கப்பட்டது. ஏறத்தாழ 380 ஆண்டுகளுக்குப் பின், ரோமானியர் ஆட்சி போய் வாண்டல் இன அரசர்கள் ஆண்டபோதும் இது அழியவில்லை. இன்றைய துனீசியா–அல்ஜீரியா எல்லைப் பக்கம் 1928ல் மரப்பலகைகள் சில கிடைத்தன. அவை கி.பி. 493 முதல் 496 வரை எழுதிய கிரயப் பத்திரங்கள். சின்னஞ்சிறு துண்டு நிலங்களும் அவற்றிலுள்ள ஆலிவ், அத்தி மரங்களும் கைமாறியிருக்கின்றன. அந்த நிலங்களுக்கு அப்போதும் மான்சியானா சாகுபடி என்றே பெயர்.

ரவையும் மிளகாயும்

துனிஸுக்குத் திரும்பித் தென்கிழக்கே போனால் போன் முனை என்னும் தீபகற்பம். எலுமிச்சை, நாரத்தை வகைகள், காய்கறி, மிளகாய் விளையும் தோட்டக் கால் பூமி. நபியூல் பகுதியில் சிவப்பு மிளகாயைச் சரம் கோத்து வீட்டுச் சுவரில் காயப் போட்டிருப்பார்கள். காய்ந்த மிளகாயை விதை நீக்கி ஊற வைத்து, பூண்டு, உப்பு, கொத்தமல்லி விதை, சோம்பு போன்ற ஒரு வாசனை விதை சேர்த்து அரைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றி வைப்பது ஹரிசா. நம் மிளகாய்த் துவையலுக்குத் தம்பி என்று சொல்லலாம். ரொட்டியோடும் சாப்பிடுவார்கள், குழம்பிலும் கரைப்பார்கள். மிளகாய் நமக்கு எப்படி வெளியிலிருந்து வந்ததோ அப்படித்தான் அவர்களுக்கும். அமெரிக்கக் கண்டத்துச் செடி 16ஆம் நூற்றாண்டில் கடல் தாண்டி வந்தது. நம் கரையில் போர்த்துகீசியர் இறக்கினர். அவர்கள் கரைக்கு ஸ்பெயின் வழியாகப் போய்ச் சேர்ந்தது.

முக்கிய உணவு கஸ்கஸ். கடினக் கோதுமை ரவையில் உப்புத் தண்ணீர் தெளித்து, புட்டு மாவு பிசறுவது போலப் பிசறி, உள்ளங்கையால் உருட்டிச் சல்லடையில் சலித்துச் சிறு மணிகளாக ஆக்குகிறார்கள். கீழ்ப் பானையில் காய்கறியும் ஆட்டிறைச்சியும், கடலோரமானால் மீனும், கொதிக்கும். அடியில் துளையுள்ள மேல் பானையில் அந்த ஆவியிலேயே கஸ்கஸ் வேகும். ஒரே அடுப்பு, ஒரே விறகு. அறுவடை முடிந்த கோடையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி உருட்டிக் காய வைத்து ஓர் ஆண்டுக்கு வேண்டியதைச் சேமிப்பது பழைய வழக்கம். மொராக்கோ, அல்ஜீரியா, மொரிட்டேனியா, துனீசியா ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து கேட்டு 2020ல் இதை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெறச் செய்தன. ஹரிசா 2022ல் இடம் பெற்றது.

ஏழைகளின் காலை உணவு லப்லாபி. பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, வெந்த கொண்டைக்கடலையைச் சாற்றோடு மேலே ஊற்றி, சீரகத் தூளும் ஹரிசாவும் ஆலிவ் எண்ணெயும் சேர்ப்பார்கள். ரொட்டி இல்லாமல் அங்கே சாப்பாடு இல்லை. 1983 டிசம்பர் இறுதியில் அரசு ரொட்டி மானியத்தை வெட்டி விலையை இரட்டிப்பாக்கியபோது, தெற்கே பாலைவன ஓரத்து ஊர்களில் தொடங்கிய கலவரம் துனிஸ் வரை பரவியது. பலர் உயிரிழந்தனர். 1984 ஜனவரி 6ல் அதிபர் பூர்கிபா வானொலியில் பேசிப் பழைய விலையையே திரும்பக் கொண்டுவந்தார்.

மேட்டு நிலம் தண்ணீர் தர, பள்ள நிலம் மரம் வளர்க்க

கடலோரமாகத் தெற்கே சூஸ் நகரம். இங்கே மழை 12 அங்குலத்துக்குச் சற்று மேல். இந்தப் பகுதி விவசாயி தன் சரிவு நிலம் முழுவதிலும் மரம் வைப்பதில்லை. மேல் சரிவைச் சும்மா விட்டுவிடுகிறார். அதற்கு மெஸ்காத் என்று பெயர். பெய்யும் மழை அந்த இறுகிய தரையில் நிற்காமல் ஓடி, கீழே வரப்புக் கட்டிய பாத்திகளில் இறங்குகிறது. ஆலிவ் மரங்கள் அந்தப் பாத்திகளில்தான். ஒரு பாத்தி நிரம்பினால் அடுத்த பாத்திக்கு வழியும். பொதுவாக மரம் நிற்கும் நிலத்தைப் போல இரண்டு பங்கு நிலம் தண்ணீர் பிடிக்க மட்டும் விடப்படுகிறது. பன்னிரண்டு அங்குல மழையில், ஓடி வரும் தண்ணீரும் சேர்ந்து மரத்தடிக்கு ஏறக்குறைய இரட்டிப்பு மழை கிடைக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பாகம் பிரிக்கும்போது மேல் சரிவு ஒருவனுக்கும் மரம் உள்ள பாத்தி ஒருவனுக்கும் போனால் தோப்பு காயும். மேல் நிலத்தில் வீடு கட்டினாலும் காயும். கடலோரச் சுற்றுலாவும் ஊர்களும் பெருகப் பெருக அப்படிக் காய்ந்த தோப்புகள் உண்டு. நம்மூர் ஏரிகளின் வரத்துக் கால்களுக்கு நேர்ந்ததுதான்.

இதே சூஸ் வட்டாரத்தில்தான் 1960களின் கூட்டுறவுப் பண்ணைத் திட்டம் முட்டி நின்றது. அமைச்சர் அகமது பென் சாலா எல்லா நிலத்தையும் கூட்டுறவில் சேர்க்க முயன்றார். பாட்டன் நட்ட இருபது முப்பது ஆலிவ் மரங்களை வைத்துப் பிழைத்த சிறு விவசாயிகள் கொடுக்க மறுத்தார்கள். 1969 ஜனவரியில் வர்தானின் என்ற ஊரில் மோதல் வெடித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் திட்டமே கைவிடப்பட்டது. கூட்டுறவு கெட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளத் தேவையில்லை. மரத்தை வளர்த்தவனைக் கேட்காமல் செய்தார்கள், அவ்வளவுதான்.

இன்னும் தெற்கே, வறண்ட வெளியின் நடுவே திடீரென்று எல்-ஜெம் வட்டரங்கம் எழுந்து நிற்கிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் கட்டியது; முப்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். இந்தப் பொட்டல் காட்டில் இவ்வளவு பணம் ஏது என்றால், ஆலிவ் எண்ணெய்தான். வரி வசூல் கொடுமை தாங்காமல் கி.பி. 238ல் நிலக்கிழார்களின் பிள்ளைகள் இவ்வூரில் வரி அதிகாரியைக் கொன்று, எண்பது வயதுக் கோர்டியன் என்பவரை ரோமானியச் சக்கரவர்த்தி என்று அறிவித்த கதையும் உண்டு. அவர் மூன்று வாரம் சக்கரவர்த்தியாக இருந்தார்.

நட்டவனுக்குப் பாதி

இனி ஸ்பாக்ஸ். பிரெஞ்சுக்காரர் வந்தபோது நகரை ஒட்டி மட்டுமே தோப்புகள் இருந்தன. அதற்கு அப்பால் ஆடும் ஒட்டகமும் மேயும் வெளி. விவசாயத் துறை இயக்குநராக இருந்த பால் பூர்த் என்பவர் இந்த வெளியில் சுற்றியபோது, எங்கு பார்த்தாலும் பழைய எண்ணெய் ஆலைகளின் கற்கள் நிற்பதைக் கண்டார். ஆலை இருந்தால் மரம் இருந்திருக்க வேண்டும். மழை மாறவில்லை என்றால் மரம் மறுபடியும் வளரும் என்று 1893ல் அறிக்கை எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டே ஹெக்டேர் 10 பிராங்க் விலைக்கு நிலம் விற்கத் தொடங்கியிருந்தார்கள்.

வாங்கியவர்களில் பலர் பிரான்சில் இருந்த பணக்காரர்கள். மண்வெட்டி பிடித்தவர்கள் ஸ்பாக்ஸ் உழவர்கள். இருவரையும் இணைத்தது மகார்சா என்ற உள்ளூர்ப் பழைய ஒப்பந்தம். நிலக்காரர் நிலம் தருவார். உழவர் கன்று வைத்து, தண்ணீர் சுமந்து ஊற்றி, களை எடுத்து, மரம் காய்ப்புக்கு வரும் வரை எட்டுப் பத்து ஆண்டுகள் வளர்ப்பார். அதுவரை இடையில் வாற்கோதுமை முதலியன போட்டு வயிறு வளர்த்துக்கொள்வார். மரம் காய்த்ததும் தோப்பு இரண்டாகப் பிரியும். பாதி மரமும், அது நிற்கும் நிலமும் உழவருக்குச் சொந்தம். விளைச்சலில் பங்கு அல்ல, நிலத்திலேயே பங்கு.

இதை அப்பழுக்கில்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். இடைக்காலத்தில் வாங்கிய முன்பணம் ஏறிப்போனால் உழவரின் பாதி சுருங்கிவிடும். அந்த வெளியில் தலைமுறை தலைமுறையாக மேய்த்து வந்த இடையர் குடிகளை யாரும் பாதிப் பங்குக்குக் கூப்பிடவில்லை. அவர்கள் மேய்ச்சல் நிலம் போயிற்று. ஆனாலும் கூலிக்கு நட்டிருந்தால் இத்தனை லட்சம் மரங்கள் அந்தக் கோடைகளைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம்.

நடும் முறை எளிது. முதிர்ந்த மரத்தின் அடியில் புடைத்திருக்கும் முண்டுகளை வெட்டியெடுத்துக் குழியில் புதைப்பார்கள். அதிலிருந்து துளிர் வரும். ரகம் செம்லாலி, காய் சிறியது, வறட்சி தாங்கும். நட்டபின் நிலத்தில் ஒரு புல்கூட விடமாட்டார்கள். மண்ணின் மேல் தோலை மட்டும் சுரண்டிச் செல்லும் நீண்ட கத்தி போன்ற கருவியை ஒட்டகம் அல்லது குதிரை பூட்டி ஓட்டுவது வழக்கம். பிறகு டிராக்டர் வந்தது. மேலே உதிரி மண் போர்வையாகக் கிடக்க, அடி ஈரம் காக்கப்படுகிறது. நம் கரிசல் மானாவாரிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நவம்பரில் அறுவடை தொடங்கும். மரத்தடியில் துணி விரித்து, விரல்களில் ஆட்டுக் கொம்பு மாட்டிக்கொண்டு கிளையைக் கோதிக் காயை உதிர்ப்பது ஸ்பாக்ஸ் முறை. ஓர் ஆண்டு நன்றாகக் காய்த்தால் மறு ஆண்டு மரம் ஓய்வெடுக்கும். கவலை அதில் இல்லை, விலையில் இருக்கிறது. துனீசியா எண்ணெயில் பெரும் பகுதி பீப்பாய்க் கணக்கில் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போய், அங்கே அவர்கள் பெயரில் புட்டியில் அடைபட்டு விற்கிறது.

ஒரு பூச்சியின் இரண்டு முகம்

நாட்டின் உட்பகுதியில் கஸரின் பக்கம் சப்பாத்திக்கள்ளியை வேலியாகவும், பழத்துக்கும், வறட்சிக் காலத் தீவனத்துக்கும் வளர்க்கிறார்கள். நம் மாநிலத்தில் அதே இனக் கள்ளி விளைநிலங்களை அடைத்துக்கொண்டு பெருந்தொல்லையாக இருந்தது. 1926ல் இலங்கையிலிருந்து ஒரு மாவுப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டு அதை ஒழித்தார்கள். அதே வகைப் பூச்சி 2021ல் துனீசியாவில் தலைகாட்டியது. நமக்கு உபகாரம் செய்த பூச்சி அங்கே வேலியையும் தீவனத்தையும் தின்கிறது.

ஓடையை அடைத்து வயல்

ஸ்பாக்ஸுக்குத் தெற்கே காபெஸ் தாண்டி மத்மாத்தா மலை. மழை ஆறு முதல் எட்டு அங்குலம். மண் மெத்தென்று இருப்பதால் தரையில் கிணறு போலப் பெரிய முற்றம் தோண்டி, அதன் பக்கச் சுவர்களில் அறைகளைக் குடைந்து வீடாக்கியிருக்கிறார்கள். கோடையில் குளிர்ச்சி, குளிரில் கதகதப்பு.

மலை ஓடைகளின் குறுக்கே படிப்படியாக மண் கரை போடுகிறார்கள். மழை வெள்ளம் கொண்டுவரும் வண்டல் கரைக்குப் பின்னால் தங்கி, ஆண்டுகள் போகப் போக ஆள் உயரத்துக்கு மேல் மண் சேர்ந்துவிடும். அந்தத் துண்டு வயலில் ஆலிவ், அத்தி, பாதாம், ஓரிரு பேரீச்சை. நல்ல மழை ஆண்டில் அடியில் வாற்கோதுமையும் பயறும். மிகுதித் தண்ணீர் வழியக் கல் கட்டிய கலிங்கு உண்டு. கலிங்கு அடைபட்டுக் கரை உடைந்தால் அந்த வெள்ளம் கீழுள்ள கரைகளையும் வரிசையாக உடைக்கும். ஆகவே மேல் வயல்காரன் கரையைப் பார்த்துக்கொள்வது கீழ் வயல்காரனின் பிழைப்பு. இளைஞர்கள் துனிஸுக்கும் பிரான்சுக்கும் வேலைக்குப் போன பின் பார்க்க ஆளில்லாத கரைகள் பல உடைந்து கிடக்கின்றன.

பேரீச்சை நிழலில்

மேற்கே திரும்பினால் பாலைவன ஓரத்துப் பசுஞ்சோலைகள். தோசர் நகரத்துத் தோப்பில் மூன்று அடுக்கு விவசாயம். உச்சியில் பேரீச்சை, அதன் நிழலில் மாதுளை, அத்தி, சர்க்கரை பாதாமி, அதற்கும் கீழே கீரை, காய்கறி, குதிரைமசால். ஊற்று நீரைப் பங்கிட 13ஆம் நூற்றாண்டில் இப்னு ஷப்பாத் என்ற அறிஞர் ஒழுங்கு வகுத்தார். பேரீச்சை மரத் துண்டில் பள்ளங்கள் வெட்டி வாய்க்காலின் குறுக்கே வைத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு பங்கு நீர் ஓடும். அடியில் துளையிட்ட பானையில் நீர் நிரப்பித் தொங்கவிட்டு, அது காலியாகும் நேரத்தை முறைக் கணக்காக வைத்தார்கள்.

அந்த ஊற்றுகள் இப்போது இல்லை. ஏற்றுமதிக்கான தெக்லத் நூர் பேரீச்சைக்காக ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் அவை வறண்டுவிட்டன. இப்போது தோப்புக்கு வருவது மோட்டார்த் தண்ணீர்.

இங்கே தோப்பு வேலை செய்பவருக்குக் கம்மேஸ் என்று பெயர். ஐந்தில் ஒரு பங்குக்காரர் என்று பொருள். மரம் ஏறி ஆண் பாளையைப் பெண் பாளையில் செருகி மகரந்தம் சேர்ப்பது முதல் குலை இறக்குவது வரை அவர் பொறுப்பு. மரத்திலோ நிலத்திலோ அவருக்கு உரிமை கிடையாது. ஸ்பாக்ஸின் பாதிக்கும் இந்த ஐந்தில் ஒன்றுக்கும் உள்ள தூரம் பெரிது.

கெபிலிக்கு அருகே ஜெம்னா என்ற சிற்றூர். ஊருக்குப் பொதுவான நிலம் பிரெஞ்சு ஆட்சியில் ஒரு வெள்ளைக்காரரின் பேரீச்சைத் தோட்டமானது. 1964 மே 12ல் வெளிநாட்டார் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டபோது இது ஊருக்குத் திரும்பவில்லை. அரசுச் சொத்தாகி, பிறகு தனியாருக்குக் குத்தகைக்குப் போயிற்று. சுமார் 185 ஹெக்டேர், பத்தாயிரம் மரங்கள். 2010 டிசம்பரில் சீதி பூசீதில் முகமது பூவஸீஸி என்ற காய்கறி வண்டிக்காரர் தீக்குளித்ததைத் தொடர்ந்து நாடெங்கும் கிளர்ச்சி மூண்டு, 2011 ஜனவரி 14ல் அதிபர் பென் அலி நாட்டைவிட்டு ஓடினார். அந்த நாட்களில் ஜெம்னா மக்கள் தோட்டத்துக்குள் நுழைந்து அதைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். மரங்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளவில்லை. சங்கம் அமைத்து, கூலி கொடுத்து வேலை செய்வித்து, பழத்தை ஏலம் விட்டார்கள். வந்த பணத்தில் பள்ளிக்கு வகுப்பறை, பேரீச்சை விற்கச் சந்தைக் கொட்டகை, ஊருக்கு ஆம்புலன்ஸ் வாங்கினார்கள். 2016ல் ஏலம் நடத்தியபோது அரசு அது செல்லாது என்றது. சங்கத்தின் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது. அரசு நிலத்தில் ஊர் எப்படிப் பயிர் செய்யலாம் என்பது அதிகாரிகளின் கேள்வி. எங்கள் பாட்டன் நிலம் எப்படி அரசு நிலமாயிற்று என்பது ஊராரின் கேள்வி.